ஐ.பி.எம். கொடுத்த ஜாப் ஒர்க்

தங்கச்சி பெண் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராண்டட் கம்ப்யூட்டர் விலை கையைக் கடிக்கிறது. 'பார்ட்ஸ் வாங்கி நீங்களே அசெம்பிள் பண்ணிக் குடுங்க மாமா' என்கிறாள். காந்திபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்குகிறீர்கள். ப்ராசஸர் ஒரு கம்பெனி, மதர்போர்டு இன்னொன்று, ராம் வேறொன்று, எஸ்.எம்.பி.எஸ். எந்த தேசத்திலோ செய்தது. வீட்டுக்கு வந்து சேர்த்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஸ்க்ரூ ஓட்டை உள்பட!

யோசித்துப் பாருங்கள். ஃபிரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ இப்படி நாலு கடையில் உதிரி வாங்கி யாராவது சேர்க்கிறோமா? கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

ஐ.பி.எம். பட்ட அவசரம்தான் காரணம்.

1980-ல் ஐ.பி.எம். என்றால் ஹால் முழுக்க அடைத்துக்கொள்ளும் ராட்சதக் கம்ப்யூட்டர்கள். மேஜை மேல் வைக்கும் சின்ன மெஷின்களை ஆப்பிள் போன்ற பொடியன்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். பில் லோ என்ற அதிகாரி, 'ஒரே வருடத்தில் நாமும் ஒன்று செய்யலாம்' என்று மேலிடத்தில் சொல்லிவிட்டு வந்தார். ஐ.பி.எம். வழக்கப்படி எல்லாவற்றையும் தானே செய்தால் வருடக்கணக்கில் இழுக்கும். எனவே ஃப்ளோரிடாவில் போகா ரேட்டன் என்ற ஊரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் உட்கார்ந்த சிறு குழு, வெளியில் கிடைப்பதை வாங்கிச் சேர்த்தது. மூளை இன்டெல் 8088. டாஸ், மைக்ரோசாஃப்ட். பிரின்டர் எப்சன். ஃப்ளாப்பி டிரைவ், இந்தியாவிலிருந்து போன டாண்டன் என்பவர் அமெரிக்காவில் நடத்திய கம்பெனியுடையது (நமக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு!).

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. 1937-லேயே பீளமேட்டில் டி.பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டு மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த மோட்டார், பம்ப்செட் தொழிலைப் பாருங்கள். காஸ்டிங் ஒரு பட்டறை, லேத் வேலை பக்கத்துச் சந்து, வைண்டிங் இன்னொரு வீடு, கடைசியில் பெயிண்ட் அடித்துப் பெயர்ப்பலகை ஒட்டுபவர் ஒருவர். 2005-ஐ ஒட்டிப் புவிசார் குறியீடு வாங்கிய நம் வெட் கிரைண்டருக்குக்கூட கல் ஊத்துக்குளியிலிருந்து வருகிறது. ஐ.பி.எம்.மும் ஜாப் ஒர்க் கொடுத்தது, அவ்வளவுதான்.

1981 ஆகஸ்ட் 12-ல் மெஷின் வெளிவந்தது. அடிப்படை மாடல் 1,565 டாலர். மெமரி 16 கே.பி. உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் இருநூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த விலைக்கு மானிட்டர் கிடையாது, ஃப்ளாப்பி கிடையாது. பிச்சைக்காரத்தனமாக இருக்கிறதே என்கிறீர்களா? ஆனால் உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. இன்று காசில்லையா, இதை வாங்கு. நாளை வந்ததும் மெமரியோ மற்றதோ செருகிக்கொள். பட்ஜெட் கம்ப்யூட்டரின் முழுத் தத்துவமும் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது.

செருகும் கார்டுகளை மற்றவர்களும் செய்யட்டும் என்று சர்க்யூட் படங்களோடு ஒரு புத்தகமும் போட்டார்கள். 'பயாஸ்' என்ற ஆரம்ப புரோகிராம்கூட வரி வரியாக அதில் அச்சாகியிருந்தது. அதை மட்டும் காப்பியடித்தால் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்ற தைரியம்.

1982-ல் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த காம்பேக் கம்பெனி அதற்கும் வழி கண்டுபிடித்தது. ஒரு குழு பயாஸைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் குறிப்பெழுதியது. அசலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. வேலை ஒன்றே, எழுத்து வேறு. காப்பி என்று எப்படிச் சொல்வது? 1984-ல் ஃபீனிக்ஸ் கம்பெனி இதேபோல் எழுதிய பயாஸை, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தது. அப்புறம் என்ன, ஊரே ஐ.பி.எம். செய்தது!

நம் நாட்டில் வரி வழி மறித்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கொள்கை அறிவித்துக் கெடுபிடியைக் குறைத்ததும், சென்னையில் சி.சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் 'சிவா பி.சி.'யை முப்பதாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு விற்று மார்க்கெட்டையே கலக்கியது. 1997-ல் இந்தியா சேர்ந்த உலக வர்த்தக ஒப்பந்தப்படி கம்ப்யூட்டர் பாகங்களின் இறக்குமதி வரி படிப்படியாகக் கரைந்தது. தெருமுனைக் கடையில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் கிடைக்கத் தொடங்கியது இப்படித்தான்.

இடையில் ஐ.பி.எம். திறந்த கதவைச் சாத்தப் பார்த்தது. 1987-ல் பி.எஸ்/2 என்று புது வரிசை. ஸ்லாட்டை மாற்றி, 'இனி ராயல்டி கொடுத்துவிட்டுச் செய்' என்றது. மறுவருடமே காம்பேக் உள்பட ஒன்பது கம்பெனிகள் கூட்டணி போட்டுத் தனி ஸ்லாட் அறிவித்தன. 2005-ல் ஐ.பி.எம். தன் பி.சி. வியாபாரத்தையே சீனாவின் லெனோவாவிடம் விற்றுவிட்டது.

சரி, கடைக்கு வருவோம். இருக்கிற காசை எதில் போடுவது? முதலில் எஸ்.எம்.பி.எஸ். நம்மூர் கரன்ட்டை நம்பி மட்டமானது வாங்கினால், போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்; அந்த வசதி உள்ளேயே இருக்கிற ப்ராசஸர் படிப்புக்குத் தாராளம். ஆனால் பேரில் ஓர் எழுத்து மாறினால் அது இல்லாத மாடல் கைக்கு வந்துவிடும், கவனம். ராமுக்கு நாலு ஸ்லாட் இல்லாவிட்டாலும் இரண்டு இருக்கும் போர்டாக எடுத்து, ஒன்றைக் காலியாக விடுங்கள். இரண்டிலும் போட்டால்தான் முழு வேகம் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். அடுத்த செமஸ்டரில் போட்டுக்கொள்ளட்டும். சாக்கெட்டும் முக்கியம். ஏ.எம்.டி. 2016-ல் கொண்டுவந்த ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2024-லும் புது ப்ராசஸர்கள் வந்தன. எட்டு வருடம்!

'இந்த ரேட்டுக்கு லேப்டாப்பே வருமுங்களே' என்பார் இன்னொருவர். வரும். அந்த ஒல்லி மாடல்கள் பலவற்றில் ராமை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். 8 ஜி.பி. என்றால் ஆயுசு முழுக்க 8 ஜி.பி.தான். 1987-ல் தோற்ற ஆசை பின்வாசல் வழியாக வந்திருக்கிறது. ஹாஸ்டல் பெண்ணுக்கு வேறு வழியில்லை. ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்கிற மாடலாகக் கேட்டு வாங்குங்கள். டவுன் பஸ்ஸில் போய்வருகிறவளுக்கு டெஸ்க்டாப்பே மேல்.

மானிட்டரில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். சித்தப்பா வீட்டில் பழையது சும்மா கிடந்தால் கேளுங்கள். பின்னால் நீல நிறத்தில் பதினைந்து ஓட்டை இருந்தால் அது வி.ஜி.ஏ. உங்கள் போர்டிலும் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்கிருந்து வந்தது தெரியுமோ? ஐ.பி.எம். கதவைச் சாத்த நினைத்துச் செய்த அந்த பி.எஸ்/2-விலிருந்துதான்.