ஓசையும் இடறலும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் தட்டச்சு

விசையை அழுத்தும் விரலுக்கு, எழுத்து பதிந்துவிட்டது என்பதை அறிவிக்கும் வழிகள் இரண்டு உள்ளன. விசை ஓர் ஆழத்தில் சற்றே தடைப்பட்டு, பின் சட்டென விடுபடும்போது தோல் உணரும் இடறல் ஒன்று. பொறியின் உறுப்புகள் மோதும்போது காதில் விழும் ஓசை மற்றொன்று. கணினிக்கு விசைப்பலகை வாங்குவோரில் ஒரு சாரார் இடறல் குறையாமல் ஓசை மட்டும் குறைந்த விசையை இன்று நாடுகின்றனர். இது அண்மைக்கால விருப்பமாகத் தோன்றினாலும், ஓசையற்ற தட்டச்சுக்கான முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்காவில் நடந்து முடிந்திருக்கிறது. அந்த முயற்சியின் பயன் பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களின் அலுவலகங்களுக்கும் பயிலகங்களுக்கும் ஏன் தேவைப்படவில்லை என்பதே ஆராயத்தக்க கேள்வி.

இவ்விரு ஊர்களும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களாக இருந்தவை. பெரம்பலூர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலும், அரியலூர் விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையிலும் அமைந்தவை. மழையை நம்பிய பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவற்றின் வேளாண்மையும், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பிய சிமெண்டு ஆலைகளும் தவிர, மாதச் சம்பளம் தரும் வேலை என்றால் அது அரசு வேலையே என்ற எண்ணம் இங்கு வலுவாக வேரூன்றியதில் வியப்பில்லை. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் நேர்ந்த இத்தனை பிரிப்பும் சேர்ப்பும் கோப்புகளையும் கடிதங்களையும் பெருக்கின என்பதையும், மாவட்டத் தலைநகரம் என்ற தகுதி ஓர் ஊருக்குக் கிடைக்கும்போது ஆட்சியர் அலுவலகத்தோடு பல துறைகளின் மாவட்ட அலுவலகங்களும் வந்து சேர்கின்றன என்பதையும், அவை ஒவ்வொன்றிலும் தட்டச்சர் இருக்கை ஒன்றேனும் வேண்டும் என்பதையும் நினைவிற்கொண்டால், இப்பகுதியில் தட்டச்சுக் கல்விக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

அந்தக் கல்வியின் இடம் தட்டச்சுப் பயிலகம். மக்கள் வாய்ச்சொல்லில் ‘டைப் கிளாஸ்’. பள்ளியிறுதித் தேர்வு முடிந்த கோடையில் பிள்ளைகளை, அதிலும் குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, டைப் கிளாஸில் சேர்ப்பது தமிழகத்துச் சிற்றூர்க் குடும்பங்களில் ஏறத்தாழ ஒரு சடங்காகவே இருந்தது. தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்திவந்த தேர்வுகளில் இளநிலையை ‘லோயர்’ என்றும் முதுநிலையை ‘ஹையர்’ என்றும் சொல்வார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் முடித்தவர், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி நான்கு தேர்வில் தட்டச்சர் பணிக்குப் போட்டியிடத் தகுதி பெற்றார். தேர்வு நாட்களில் பயிலகங்களின் இயந்திரங்கள் வண்டியேறித் தேர்வு மையங்களுக்குச் சென்று திரும்பும். மாணவர் கையோடு பேனா கொண்டுசெல்வதைப் போலப் பயிலகம் இயந்திரத்தையே கொண்டுசென்றது.

பயிலக ஓசையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேண்டும். தட்டச்சுக் கணக்கில் ஐந்து தட்டு ஒரு சொல்லாகக் கொள்ளப்படுவதால் அது நிமிடத்துக்கு 150 தட்டு, அதாவது நொடிக்கு இரண்டரை. இந்த வேகத்தில் இருபது பேர் ஓர் அறையில் அடித்தால் நொடிக்கு ஐம்பது மோதல்கள் நிகழும். விசையை அழுத்தியதும் நெம்புகோல் அச்சுக்கரத்தைத் தூக்கி, மை தோய்ந்த ரிப்பனின் வழியே தாளைத் தாங்கும் கடினமான ரப்பர் உருளையின் மீது மோதச் செய்கிறது. மோதியவுடன் தாளைத் தாங்கிய ‘கேரேஜ்’ பற்சக்கரத்தின் பிடியிலிருந்து விடுபட்டு ஓரெழுத்து அகலம் நகர்கிறது. வரி முடியும் தறுவாயில் மணி ஒலிக்கிறது. கேரேஜைத் தள்ளும்போது பற்கள் உரசி ஓடுகின்றன. இயந்திரத்தின் அடியில் தடித்த கம்பளித் துணியை விரித்தால் மேசையின் அதிர்வு குறையும்; மோதலின் ஓசை குறையாது.

ஆயினும் ஆசிரியருக்கு இந்த இரைச்சல் தொல்லையாக இருக்கவில்லை, கருவியாகவே இருந்தது. பத்து விரலும் ஒரே அழுத்தத்தில், ஒரே இடைவெளியில் இயங்க வேண்டும் என்பது தட்டச்சுக் கல்வியின் முதல் பாடம். சுண்டுவிரல் தட்டும் எழுத்து மங்கலாகப் பதிந்தால் தாள் அதைக் காட்டுவதற்கு முன்பே ஓசை காட்டிவிடும். விசைகளைக் குனிந்து பார்த்து அடிப்பவரின் இயந்திரம் திக்கித் திக்கி ஒலிக்கும். பாராமல் அடிப்பவரின் இயந்திரம் ஒரே சீராக ஒலிக்கும். ஆகவே, பயிலகத்தில் ஓசை என்பது பிழை திருத்தும் வழியாயிற்று. அங்கே ஓசையற்ற இயந்திரத்தை நிறுவியிருந்தால் ஆசிரியரின் வேலை பாதி முடங்கியிருக்கும்.

தமிழ் இயந்திரத்தின் ஓசை ஆங்கில இயந்திரத்தின் ஓசையிலிருந்து வேறுபட்டது என்பதும் இங்கே சொல்லத்தக்கது. யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து, மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ரா. முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கியபோது எதிர்கொண்ட பெருஞ்சிக்கல், இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் எப்படி அடக்குவது என்பது. அதற்கான தீர்வின் ஒரு பகுதி நகரா விசை, அதாவது அச்சைப் பதித்தாலும் கேரேஜை நகர்த்தாத விசை. புள்ளியை முதலில் அடித்தால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் மெய்யெழுத்து அந்தப் புள்ளியின் கீழேயே விழும். ‘பட்டம்’ என்ற சொல்லுக்கு ஆறு தட்டுகள் வேண்டும், ஆனால் கேரேஜ் நான்கு முறைதான் நகரும். நகரும் தட்டில் மோதலும் நகர்வும் சேர்ந்து இரட்டையாக ஒலிக்க, நகராத் தட்டில் மோதல் மட்டும் தனித்து ஒலிப்பதால், தமிழ் அடிக்கும் கைக்கு ஒரு நெடிலும் குறிலும் கலந்த நடை அமைந்தது. ஒற்று மிகுந்த மொழியில் இந்த வேறுபாடு நொடிதோறும் நிகழ்வது. பழகிய கை புள்ளி விழுந்ததா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சென்னை மாநில ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டபின் அலுவலகங்களில் தமிழ் இயந்திரங்களின் தேவை கூடியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் தட்டச்சு இயந்திரத் தயாரிப்பைத் தொடங்கியிருந்தது. கோத்ரெஜ், ரெமிங்டன், பாசிட், ஹால்டா ஆகிய பெயர்கள் தமிழகத்துப் பயிலகங்களில் மாணவர்கள் தம் இருக்கையை அடையாளம் சொல்லும் பெயர்களாகவே வழங்கின.

இனி, ஓசையற்ற இயந்திரத்தின் கதைக்கு வரலாம். அமெரிக்கரான வெலிங்டன் பார்க்கர் கிட்டர் வடிவமைத்த ‘நாய்ஸ்லெஸ்’ இயந்திரம் 1910-களில் விற்பனைக்கு வந்தது. 1924-இல் அந்நிறுவனம் ரெமிங்டனுடன் இணைந்தது. அதன் உத்தி எளிது: அச்சு உருளையின் மீது ஓங்கி மோதாமல், நெம்புகோல் அமைப்பொன்றின் உதவியால் தாளருகே வந்து வேகம் தணிந்து, அழுந்தி மட்டும் விலகும். மோதல் இல்லாத இடத்தில் ஓசையும் இல்லை. ஆனால் மோதல் இல்லாத இடத்தில் கார்பன் நகலும் நன்றாக விழுவதில்லை என்பதே அதன்மேல் எழுந்த முதன்மையான குறை. அரசு அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்கு ஒரு படி போதாது. மேலிடத்துக்கு ஒன்று, கீழிடத்துக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று என அடுக்கடுக்காகக் கார்பன் வைத்து அடிக்க வேண்டும், கடைசித் தாளிலும் எழுத்து தெரிய வேண்டும். மெழுகுத்தாளில் எழுத்தின் வடிவத்தை அச்சால் அறுத்து, அதன் வழியே மை செலுத்தி நூற்றுக்கணக்கில் படியெடுக்கும் ஸ்டென்சில் முறைக்கும், பள்ளித் தேர்வு வினாத்தாள் தொடங்கிச் சுற்றறிக்கை வரை அதையே நம்பியிருந்த காலத்தில், வலுவான அடி கட்டாயமாயிற்று. எனவே, அலுவலக அறையின் ஓசை படியெடுக்கும் வேலையின் விலை; அதைக் கொடுக்க யாரும் தயங்கவில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரிலும் நீதிமன்றத்துக்கு அருகிலும் மேசை போட்டு மனுவும் பத்திரமும் அடித்துக் கொடுத்தவர்களுக்கோ அந்த ஓசையே விளம்பரப் பலகையாகவும் உதவியது.

கணினி வந்தபோது அச்சும் விசையும் ஒன்றையொன்று பிரிந்தன. படியெடுக்கும் வேலை அச்சுப்பொறிக்குப் போய்விட்டதால் விசைக்கு இனி வலு வேண்டியதில்லை, மின்தொடர்பை ஏற்படுத்தினால் போதும். ஆயினும், தட்டச்சு பழகிய கைகளுக்காகவே ஓசையும் இடறலும் திட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவரப்பட்டன. ஐபிஎம் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ‘மாடல் எம்’ விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் உள்ள சுருள்வில் ஓர் ஆழத்தில் சட்டென மடங்கி, விரலுக்கு இடறலையும் காதுக்குச் சொடக்கொலியையும் ஒருங்கே தந்தது. விலை குறைந்த பலகைகளில் வில்லுக்குப் பதிலாக ரப்பர்க் குமிழ் வந்தது. அது அமுங்கும்போது ஓசை குறைவு, ஆனால் குமிழ் முழுவதும் அமுங்கினால்தான் எழுத்து பதியும் என்பதால் விரல் ஒவ்வொரு முறையும் அடிவரை போக வேண்டியிருந்தது. நாளடைவில் ரப்பர் தளர்ந்து, களிமண்ணை அழுத்துவது போலாகிவிடும்.

தமிழகத்து அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ஜாப் டைப்பிங் கடைகளிலும் இந்தக் குறையை நிரப்பியது டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ‘டிவிஎஸ் கோல்ட்’ விசைப்பலகை. ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் நீல நிற ‘எம்எக்ஸ்’ சுவிட்சுகள் அதில் பொருத்தப்பட்டன. சுவிட்ச் என்பது விசைக்கு அடியிலுள்ள தனிப் பெட்டி. அதற்குள் தண்டும் சுருள்வில்லும் உலோகத் தொடர்புத் தகடும் உள்ளன. நீலச் சுவிட்சில் தண்டின் மீது தளர்வாக ஏறி நிற்கும் ஒரு சிறு வளையம், தண்டு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இறங்கியதும் கீழே துள்ளி விழுந்து ‘டிக்’ என ஒலிக்கிறது. உலக அளவில் இத்தகைய பலகை ஆர்வலர்களின் விலையுயர்ந்த விருப்பமாகக் கருதப்பட்ட காலத்திலும், இந்தியாவில் அது தட்டச்சரின் அன்றாட வேலைக் கருவியாக இருந்தது என்பது கவனிக்கத்தக்க முரண். கோத்ரெஜ் 2009-இல் தட்டச்சு இயந்திரத் தயாரிப்பை நிறுத்தியபோது, பயிலகத்துக் காது பழகிய ஓசையின் ஓரளவு எச்சம் இந்தப் பலகையில்தான் தங்கியிருந்தது.

பழைய ஓசையோடு பழைய விசை அமைப்பும் நிலைத்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையடுத்து உயிரெழுத்துகளை இடக்கையிலும் மெய்களை வலக்கையிலும் வைக்கும் ‘தமிழ்99’ அமைப்பு அரசின் ஏற்பைப் பெற்றது. அது கற்க எளிது, விரலுக்கும் ஓய்வு தருவது. எனினும் லோயரும் ஹையரும் முடித்தவர்கள் பழைய தட்டச்சு அமைப்பையே கணினியிலும் தொடர்ந்தார்கள், விரலில் ஏறிய பாடத்தை அறிவு எளிதில் இறக்கிவிட முடியாது என்பதால்.

ஓசையை நீக்கி இடறலை மட்டும் காக்கும் முயற்சி, சொடக்கொலி தரும் பலகைகளுக்கு இணையாக நடந்துவந்தது. ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம் தண்டு மேலும் கீழும் மோதும் இடங்களில் ரப்பர்த் திண்டு வைத்த சுவிட்சுகளைச் செய்தது. ஆப்பிளின் 1990-ஆம் ஆண்டு விசைப்பலகை ஒன்றில் அவை இடம்பெற்றன. செர்ரி நிறுவனத்தின் பழுப்புச் சுவிட்சில் துள்ளும் வளையம் இல்லை. தண்டின் பக்கத்தில் ஒரு சிறு மேடு மட்டும் தகட்டை உரசிச் செல்கிறது. அதன் இடறல் மிக மெல்லியது என்ற குறைக்கு விடையாக, வலுவான மேடும் இருமுனைத் திண்டும் ஒருங்கே கொண்ட ‘போபா யூ4’ போன்ற சுவிட்சுகள் பின்னாளில் வந்தன. தொடுகைக்கும் ஓசைக்கும் பொறியியல் அளவில் தேவையான உறவு ஏதும் இல்லை, அவை இரண்டும் ஒரே பொறியில் தற்செயலாகக் குடியிருந்தவை என்பதை இவை நிறுவிவிட்டன.

எனினும், டைப் கிளாஸில் பழகியவர் இத்தகைய பலகையை வாங்கி ஏமாறுவதற்கு வாய்ப்பு உண்டு. சொடக்கொலி என்பது விசைப்பலகையின் ஓசையில் ஒரு பகுதிதான். விசை அடித்தட்டில் போய் மோதும் ஓசை அதைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். கார்பன் தாள்களை ஊடுருவப் பயின்ற கை, 2 மில்லிமீட்டரில் பதிந்துவிடும் எழுத்துக்காக 4 மில்லிமீட்டரும் ஓங்கி இறங்கும். ஆகவே, வீட்டில் உறங்குபவரை எழுப்பாமல் வேலை செய்ய விரும்பும் பழைய தட்டச்சர் முதலில் மாற்ற வேண்டியது சுவிட்சின் நிறத்தை அன்று, அடியின் கனத்தை. பலகைக்கு அடியில் தடித்த துணி விரிப்பது பயிலகம் கற்றுத்தந்த உத்தி; அது இங்கும் பயன்படும். அதன் பின்னும் ஓசை மிகுந்திருந்தால் திண்டு வைத்த, மேடுள்ள சுவிட்சே பொருத்தமானது. இடறலே இல்லாத நேர்ச்சுவிட்ச் எவ்வளவு மௌனமாக இருந்தாலும் தட்டச்சு கற்ற விரலுக்கு உகந்ததன்று.

ஓசையே இல்லாத ஒரு தொடுகுறியும் விசைப்பலகைகளில் இடம்பெற்றுள்ளது. இரு சுட்டுவிரல்களும் தங்குமிடம் தெரிவதற்காக நடுவரிசையின் இரண்டு விசைகளில் சிறு புடைப்பு வைக்கும் வழக்கம் கணினிக் காலத்தில் பொதுவாயிற்று. ய, ள, ன, க, ப என இடக்கை தொடங்கும் பழைய தமிழ்த் தட்டச்சு அமைப்பில் அந்தப் புடைப்புகள் ககரத்தின் மீதும் தகரத்தின் மீதும் அமைகின்றன.