இரும்பு அரிதான உலகம்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, நடுவர் ஒருவர் விவரிக்கும் உலகத்தினுள் பேச்சினாலேயே உலாவும் விளையாட்டு ஒன்றுண்டு. தாளும் பென்சிலும் பகடையுமே கருவிகள். 1974 இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவ்வகையில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்க எண்ணுவோர், அதன் பூர்வீகம் பாசறையைச் சேர்ந்தது என்பதை அறிதல் நன்று.

பிரஷ்ய இராணுவ அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தந்தை தொடக்கிவைத்த போர்ப்பயிற்சி விளையாட்டைத் திருத்தி 1824 இல் விதிநூலாக வெளியிட்டார். ஆடுபவர் கட்டளையை நடுவரிடம் கூறுவார். எதிரி நிற்குமிடம் அவருக்குத் தெரியாது. விளைவை விதிகளும் பகடையும் தீர்மானிக்கும். 1969 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், படைத் தளபதிகளுக்குப் பதிலாக நகர மேயர், வங்கியாளர் போன்ற தனிமனிதப் பாத்திரங்களை ஆடுவோரிடம் ஒப்படைத்தார். அவரது குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனே பின்னர் கேரி கைகாக்ஸுடன் இணைந்து மேற்சொன்ன விளையாட்டை உருவாக்கினார்.

அதே மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்தவர் பேராசிரியர் பார்க்கர். அமெரிக்கப் பழங்குடியினரின் கிளாமத் மொழிக்கு அகராதியும் இலக்கணமும் தந்தவர். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் வகுத்தவர். இந்தியாவுக்கு ஆய்வுக்காகச் சென்ற காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி முஹம்மத் அப்துல் ரஹ்மான் எனப் பெயர் கொண்டார். சிறுவயது முதல் அவர் மனத்தில் வளர்ந்த ரெக்குமெல் என்ற உலகம், ‘எம்பயர் ஒவ் த பெட்டல் த்ரோன்’ என்னும் பெயரில் 1975 இல் விளையாட்டாக அச்சேறியது.

அங்கு உலோகம் அரிது. ஆகவே விலங்கொன்றின் தடித்த தோலைப் பதப்படுத்தியே கவசமும் வாளும் செய்கின்றனர். மனிதனின் மதிப்பைக் குலமே நிர்ணயிக்கும். முன்னிலைச் சொல் தகுதிக்கேற்ப மாறும். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று பழகிய நமக்கு இது விளங்கும், ஆங்கிலேயருக்கு விளங்குவது கடினம். அந்த மொழிக்கும் பார்க்கர் இலக்கணமும் அகராதியும் எழுதினார். ஆடுபவரின் விருப்பத்துக்காக அவ்வுலகின் வழமை வளைந்து கொடுக்காது. மேற்குலத்தானை அவமதித்தவன், அவனே கதாநாயகனாயினும், அதற்குரிய விலையைக் கொடுத்தாக வேண்டும். கதைச் சுவையையும் வெற்றியையும் விட உலகின் உள்விதிகளுக்கு விசுவாசமாயிருத்தலே முதன்மை என்னும் இப்போக்கைப் பின்வந்தோர் ‘சிமுலேஷனிசம்’ என்றனர்.

பார்க்கர் 2012 இல் காலமானார். அவரது படைப்புகளைப் பேணும் அறக்கட்டளை 2022 மார்ச்சில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. ஹிட்லரின் எஸ்.எஸ். படையினரின் வழித்தோன்றல்களை நாயகர்களாக்கி, அமெரிக்க நவநாஜி அமைப்பொன்றின் பதிப்பகம் 1991 இல் வெளியிட்ட நாவலைப் புனைபெயரில் எழுதியவர் பார்க்கரே. யூதப் படுகொலையை மறுக்கும் சஞ்சிகையொன்றின் ஆலோசனைக் குழுவிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

படைப்பு வேறு, படைத்தவர் வேறு என்ற வழக்கமான சமாதானம் இங்கு எடுபடுமென நான் கருதவில்லை. நாவலில் ஆசிரியர் பேசுவதை நாம் கேட்கிறோம். இத்தகைய விளையாட்டிலோ அவர் வகுத்த நீதிக்குள் நாமே வாழ்ந்து பார்க்கிறோம். அடிமை முறையும் குல அடுக்கும் உலோகமற்ற பண்டை நாகரிகத்தின் தர்க்கத்தால் வந்தவையா, ஒருவரின் உள்ளார்ந்த விருப்பால் வந்தவையா? விதிநூல் இரண்டையும் ஒரே குரலில்தான் கூறும். ஆயினும் குற்றப்பத்திரிகை அத்தனை எளிதன்று. ரெக்குமெலின் மாந்தர் மாநிறத்தவர். ஐரோப்பியச் சாயலற்ற அவ்வுலகம் இந்தியாவையும் மாயா நாகரிகத்தையும் எகிப்தையும் நினைவூட்டுவது. ஏனைய படைப்பாளிகள் ஐரோப்பியக் கோட்டைகளையே மீண்டும் மீண்டும் வரைந்த காலத்தில் இதைச் செய்தவரும் அவரே.

வியாழன் இரவுகளில் அவர் வீட்டில் ஓர் ஆட்டக்குழு பல்லாண்டு காலம் கூடியது. அந்த மேசையில் நடுவராக அமர்ந்து, யார் செய்தது முறை, யார் செய்தது பிழை என்று தீர்ப்புச் சொன்னவர் பார்க்கர்.