நிலாவெளியும் ஒளிநாடாவும்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

ஈழத்துத் தமிழரின் பண்பாட்டு வரலாற்றை எழுதியோர் அச்சியந்திரத்துக்கும் வானொலிக்கும் அளித்த கவனத்தை வீடியோ டெக்குக்கு அளித்தாரில்லை. 1980களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் நமது கிராமங்களின் இரவுப் பொழுதைப் பெரிதும் ஆட்கொண்டிருந்த அக்கருவி, வெறும் பொழுதுபோக்குச் சாதனமென ஒதுக்கப்பட்டமையே இதற்குக் காரணம் எனலாம். திருகோணமலை நகருக்கு வடக்கே, கடற்றொழிலையும் தோட்டச் செய்கையையும் உல்லாசப் பயணத்துறையையும் சார்ந்து வாழும் நிலாவெளி போன்றதொரு கரையோரக் கிராமத்தை மனங்கொண்டு நோக்குவோமாயின், எளிய குடும்பமொன்று எத்தகைய டெக்கை வாங்கியது, அதனை எவ்வாறு பயன்படுத்தியது என்னும் வினாக்கள் அக்காலச் சமூக உறவுகளை நமக்கு விளக்கி நிற்கும்.

1977இல் அறிமுகமான திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1979இல் இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1982இல் யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி நிறுவப்பட்டது. அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பமே. இந்தியத் திரைப்பட இறக்குமதியோ 1972 முதல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் பிடியில் இருந்தது. இவ்வெற்றிடத்தையே டெக் நிரப்பியது. ஆயின் அதனை வாங்கும் ஆற்றல் கிராமத்தின் மீன்பிடியிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ எளிதிற் கிட்டியதன்று. பெருமளவுக்கு அது வளைகுடா நாடுகளில் விற்கப்பட்ட உழைப்பின் பயனாகும். வீட்டுப் பணிப்பெண்களாகவும் கட்டடத் தொழிலாளராகவும் சென்றோரின் ஆண்டுக்கணக்கான பிரிவே அக்கருவியின் உண்மையான விலையாயிற்று. இப்பெயர்வு எத்துணை விரிவடைந்தது என்பதற்கு 1985ஆம் ஆண்டின் சட்டத்தினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டமை ஒரு சான்று.

தெரிவு பற்றிய பிரச்சினைக்கு வருவோம். சோனி நிறுவனம் 1975இல் பீற்றாமாக்ஸ் முறையையும், ஜே.வீ.சி. நிறுவனம் 1976இல் வீ.எச்.எஸ். முறையையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. தொடக்கத்தில் முன்னையது ஒரு மணி நேரமும் பின்னையது இரண்டு மணி நேரமும் பதியவல்லனவாயிருந்தன. பின்னர் நம் நாட்டில் வழங்கிய வீ.எச்.எஸ். கசற்று மூன்று மணி நேரம் ஓடியது. நீண்ட தமிழ்ப்படமொன்று பாட்டுகளோடு அதில் முழுமையாக அடங்கும். அயல்வீட்டாரிடமும் வாடகைக் கடையிலும் எவ்வகைக் கசற்று இருந்ததோ அவ்வகை டெக்கே பயன்தரும்; ஒரு பண்டத்தின் பயன்பெறுமதி அப்பண்டத்துள் மட்டும் உறைவதில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. நிறமுறையும் கவனிக்கப்பட வேண்டியதாயிற்று. இலங்கை பால் முறையைக் கைக்கொண்டது; சவூதி அரேபியாவோ அக்காலத்திற் செக்காம் முறையைக் கைக்கொண்டிருந்தது. எனவே வெளிநாட்டில் வாங்குவோர், பன்முறைகளையும் ஏற்கும் கருவிதானா என விசாரித்து வாங்க வேண்டியிருந்தது.

பதிவுசெய்யும் வசதியின்றிப் படம் ஓட்டுவதற்கு மட்டும் அமைந்த கருவிகளும் குறைந்த விலைக்குக் கிடைத்தன. இம்மலிவின் வர்க்க உள்ளடக்கம் மனங்கொளத்தக்கது. வசதி படைத்தோர் பார்க்கவும் பதியவும் வல்லவராயினர். வசதி குறைந்தோர்க்குப் பார்க்கும் வாய்ப்பு மட்டுமே எஞ்சியது. விலையிற் குறைக்கப்பட்டது, தம் வாழ்வைத் தாமே பதிந்துகொள்ளும் ஆற்றலாகும்.

எனினும் மக்கள் அக்கருவியைத் தம் வழியிற் பயன்படுத்தினர். தனிக் குடும்பத்தின் நுகர்வுக்கென உற்பத்தியான பண்டம் வடக்குக் கிழக்குக் கிராமங்களிற் கூட்டு நுகர்வுக்குரியதாயிற்று. இளைஞர்கள் காசு சேர்த்து, டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் மின்சாரமில்லாவிடத்து மின்பிறப்பாக்கியையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்து விடியும்வரை மூன்று நான்கு படங்கள் காட்டினர். ஆயினும் இதனை மிகைப்படுத்துதல் பொருந்தாது. பார்க்கும் முறை கூட்டாயிருப்பினும் பார்க்கப்பட்டவை பெரும்பாலும் சென்னை வணிகப்படங்களே. பிரதியின் பிரதியாக வந்த அவற்றில் நிறம் கலங்கியிருந்தது. ஈழத்துத் தமிழ்த் திரைப்பட முயற்சிகளுக்கு இச்சாதனம் தக்க களமாக அமையவில்லை.

1983இன் இனவன்செயலுக்குப் பின் புலப்பெயர்வு பெருகியதும் ஒளிநாடா வேறொரு பணியை ஏற்றது. திருமணமும் பூப்பு நீராட்டும் மரணச்சடங்கும் பதியப்பட்டு நாடுகளுக்கிடையே கைமாறின. ரொறன்ரோவில் என்.ரி.எஸ்.சி. முறையிற் பதியப்பட்ட திருமணம் ஊரிலுள்ள பேத்தியார் வீட்டு டெக்கில் ஓடாது. மாற்றுப் பிரதி எடுக்க வேண்டும். சிதறிய குடும்பத்தினிடையே தொழில்நுட்ப நியமங்களும் எல்லைகளாகக் குறுக்கிட்டன.

வீ.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை உற்பத்தி செய்த யப்பானின் பூனாய் நிறுவனம் 2016இல் அதனை நிறுத்தியது. வெப்பமும் கடற்கரையின் ஈரப்பதனும் நாடாவிற் பூஞ்சணத்தை வளர்க்கின்றன. பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓட்டினால் கருவியின் தலையும் பழுதுறும். நிலாவெளிக் கரையோரம் போரின் இடப்பெயர்வுகளையும் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்டது. வீடுகளோடு ஆவணங்களையும் இழந்த மக்களுக்கு, வெளிநாட்டு உறவினரின் அலுமாரியிற் கிடக்கும் திருமணக் கசற்றொன்றே தம் பழைய முற்றத்தையும் மறைந்த மனிதரையும் காட்டும் ஆதாரமாக இருத்தல் கூடும். இத்தகைய நாடாக்களைத் தேடித் திரட்டி, எண்முறைப் பிரதியாக்கி, இடமும் ஆண்டும் குறித்து வைத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் உடனடிப் பணியாதல் வேண்டும். அரசர்தம் கல்வெட்டுகளைப் படியெடுத்த நாம், உழைக்கும் மக்களின் ஒளிநாடாவையும் படியெடுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.