பொருள்களின் பட்டியலை உரைக்கோப்பில் எழுதுதல்: ஒரு வரலாறு

பொருள்களின் பட்டியலை உரைக்கோப்பில் எழுதுதல் என்பது, நிரல் ஓடி முடிந்த பின்னும் அதன் தரவு நிலைத்திருக்கச் செய்யும் வழிகளுள் ஒன்றாகும். மாணவர் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர், வகுப்பு, மதிப்பெண் ஆகிய பண்புகளைக் கொண்ட ஒவ்வொரு மாணவரும் நிரலில் ஒரு பொருள். நினைவகத்தில் இப்பொருள்கள் முகவரிகளால் இணைந்துள்ளன. நிரல் நின்றதும் அம்முகவரிகள் பயனற்றுப் போகும். எனவே பண்புகளை மட்டும் வரிசையாக எழுத்துகளாக்கி எழுத வேண்டும். இது தொடராக்கம் எனப்படும்.

அட்டையும் கட்டமும்

1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் உருவாக்கிய துளையட்டைகள் பயன்பட்டன. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. 1928இல் ஐபிஎம் நிறுவனம் 80 நெடுவரிசைகள் கொண்ட அட்டையை வெளியிட்டது. பெயருக்கு 20 கட்டங்கள் என வகுத்துவிட்டால், 21ஆம் எழுத்துக்கு இடமில்லை. நீண்ட பெயரைச் சுருக்க வேண்டியதுதான்.

காற்புள்ளியின் வரவு

1972இல் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் நிரல்மாற்றி ஒன்று, காற்புள்ளியாலோ இடைவெளியாலோ பிரிக்கப்பட்ட மதிப்புகளைப் படிக்கும் வசதியைத் தந்தது. கட்டத்தின் அளவை எண்ண வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் வேறொரு சிக்கல் எழுந்தது. "மதுரை, தமிழ்நாடு" என்ற முகவரியில் உள்ள காற்புள்ளி, பிரிப்பானா, தரவின் பகுதியா? இதற்குத் தீர்வாக அம்மதிப்பை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுதினர். எனினும் ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி நடந்தது. 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 என்னும் ஆவணம் பரவலான வழக்கத்தை எழுத்தில் தொகுத்தது. இன்றும், பதின்மப் புள்ளிக்குக் காற்புள்ளி இடும் ஜெர்மனி போன்ற நாடுகளில் அரைப்புள்ளியே பிரிப்பானாகப் பயன்படுவதுண்டு.

பொருளுக்குள் பொருள்

ஒரு மாணவருக்குள் ஐந்து பாடங்களின் பட்டியல் இருந்தால் காற்புள்ளிக் கோப்பு திணறும். 1997இல் ஜாவா 1.1, பொருள்களை இரும வடிவில் அப்படியே சேமிக்கும் வசதியைத் தந்தது. ஆனால் அக்கோப்பை மனிதர் படிக்க இயலாது. வகுப்பின் வரையறை மாறினால் பழைய கோப்பு திறக்காமலும் போகலாம். 1998இல் எக்ஸ்எம்எல் பரிந்துரையாக வெளிவந்தது. 2001 முதல் டக்ளஸ் கிராக்ஃபோர்டு ஜேசான் வடிவத்தைப் பரப்பினார். இவ்விரண்டும் பண்பின் பெயரையும் மதிப்பையும் சேர்த்தே எழுதுகின்றன.

எழுத்துக் குறிமுறை

உரைக்கோப்பில் உண்மையில் இருப்பவை எண்களே. எந்த எண் எந்த எழுத்து என்பதைக் குறிமுறையே சொல்கிறது. தமிழர் இதை நன்கு அறிவர். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல, தத்தம் குறிமுறைகளைக் கொண்டிருந்தன. ஒன்றில் எழுதிய பட்டியல் மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தோன்றியது. கோப்பு அழியவில்லை, அதைப் படிக்கும் விதியே தொலைந்தது. 1991இல் வெளியான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 முறையை வடிவமைத்தனர். ஆயினும் இவை தமிழ்ப் பயன்பாட்டில் வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின.

இவ்வரலாறு காட்டுவது ஒன்றே. தரவை எழுதினால் மட்டும் போதாது. அதைப் படிக்கும் விதியும் உடன் செல்ல வேண்டும். முதல் வரியில் பண்புகளின் பெயர்களை இடுவதும், பிரிப்பானையும் குறிமுறையையும் குறித்து வைப்பதும், எழுதி முடித்தபின் கோப்பை முறையாக மூடுவதும் அதற்காகவே. நிரலை எழுதியவர் இல்லாத காலத்திலும் அப்பட்டியலை வேறொருவர் படிக்க இயலும்.