பாதியில் வருபவர் எந்தப் படியில் தொடங்குவது?

லூடோ நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த விளையாட்டு. இந்தியாவின் பச்சீசியிலிருந்து எடுத்து, 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்கள். ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். எல்லோருக்கும் ஒரே தொடக்கம். பாதியில் வருபவர் அடுத்த ஆட்டம்வரை காத்திருக்க வேண்டும்.

மாதக்கணக்கில் முடியாத ஆட்டமென்றால் என்ன செய்வது? 1974இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' அப்படியானது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக ஒரே கதையை ஆடுவார்கள். 1974 விதிகளில் புதுப் பாத்திரம் முதலாம் நிலையில்தான் தொடங்கியது. புது வீரனின் உயிர்ப்புள்ளி மிகக் குறைவாக இருந்தது. ஓரிரு வெட்டிலேயே ஆள் முடிந்துவிடலாம்.

அநியாயம் போலத் தெரிகிறதா? கணக்கைப் பாருங்கள். அந்த 1974 விதிகளில் வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2,000 புள்ளி, மூன்றாம் நிலைக்கு 4,000, நான்காம் நிலைக்கு 8,000, ஐந்தாம் நிலைக்கு 16,000. பழையவரிடம் 8,000 இருக்கும்போது புதியவர் பூச்சியத்தில் வந்து சேர்கிறார் என்று வைப்போம். கிடைப்பதைச் சமமாகப் பங்கிட்டு இருவரும் இன்னும் 8,000 பெற்றால், பழையவர் ஐந்தாம் நிலை, புதியவர் நான்காம் நிலை. மூன்று படி இடைவெளி ஒன்றாகிவிடுகிறது.

ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள்: பங்கு சமமாக இருக்க வேண்டும், முதல் நாட்களில் அவரை யாராவது காக்க வேண்டும்.

பின்னால் வந்தவர்கள் வேறு வழியும் கண்டார்கள். 1977இல் வந்த 'டிராவலர்' ஆட்டத்தில் பாத்திரம் கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ பல வருடம் வேலை செய்த அனுபவத்தோடு வரும். 1991இல் வந்த 'டார்க் சன்', கொடிய பாலைவன உலகம் என்பதால் எல்லோரையும் மூன்றாம் நிலையில் தொடங்க வைத்தது. களம் கடுமையானால் தொடக்கப் படியை உயர்த்தினார்கள்.

இது விளையாட்டுக்கு மட்டுமான கேள்வியல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தது நம் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். உழைத்துச் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள். ஆனால் தொழிலும் படிப்பும் அவர்களோடு வந்தன. கையில் ஒன்றுமில்லை என்பதற்காக அவர்களை முதலாம் நிலையினர் என்று எண்ணியிருந்தால் அது பிழையான கணக்கு.

வருட நடுவில் வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்தால் ஆசிரியர்களாகிய நாம் முதலில் கேட்பது, "எந்தப் பாடம் வரை படித்தாய்?" அதோடு இன்னும் இரண்டைக் கேட்போம்: உனக்கு என்ன தெரியும்? இந்த மாதம் உன் பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்?