பத்திரத்தில் பேர் இல்லாத ஆள்

நிலம் பார்க்க எங்க பக்கம் வருகிற சென்னைக்காரங்க எல்லாரும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பாங்க. "அண்ணே, இந்த புரோக்கரை நம்பலாமா?" விற்கிற எங்க ஜனமும் அதையேதான் கேட்குது. வாங்குறவரும் நம்பலை, விற்கிறவரும் நம்பலை. ஆனா ரெண்டு பேருமே அவர் கையில கமிஷனைக் கொடுத்துட்டுத்தான் போறாங்க. இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்ததுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம்னு தோணுச்சு. நான் சட்டம் படிச்சவன் இல்லை. ஆனா கழனி வெச்சிருக்கிறவன் பத்திரம், பட்டா, சிட்டான்னு அலையாம இருக்க முடியாது. அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

தரகு புதுசா வந்த தொழில் இல்லை. மாட்டுச் சந்தையில நீங்க பார்த்திருக்கலாம். தரகர் தோள்துண்டைக் கையில போட்டு மூடிக்கிட்டு, விற்கிறவர் விரலைப் பிடிச்சு ஒரு விலை பேசுவார். அப்புறம் வாங்குறவர் விரலைப் பிடிச்சு வேற விலை பேசுவார். ரெண்டு விலைக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். இருந்தாலும் அவரை நம்புனாங்க. ஏன்னா அடுத்த வாரமும் அவர் அதே சந்தைக்கு வந்தாகணும். ஏர்ல பூட்டினதும் மாடு படுத்துக்கிச்சுன்னா, அவர் சட்டையைப் பிடிச்சுக் கேட்க முடியும்.

நிலத்துக்கு அப்போ தரகரே பெரிசா கிடையாது. பொண்ணு கல்யாணம், வைத்தியச் செலவுன்னு வந்தா ஒரு காணியை விற்பாங்க. பெரும்பாலும் பக்கத்துக் கழனிக்காரரே வாங்கிக்குவார். எந்த வரப்பு யாருது, எந்தக் கால்வாய் எங்கே போகுதுன்னு ஊரே அறியும்.

நிலம் கைமாறினதை அந்தக் காலத்துல எப்படி எழுதி வெச்சாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா சோழர் கல்வெட்டுகளைப் பார்க்கணும். நில விற்பனையைக் கல்லுல வெட்டும்போது நாலு எல்லையையும் சொல்லி, விலையைச் சொல்லி, கடைசியில 'இவை இன்னார் எழுத்து'ன்னு கையெழுத்துப் போட்டவங்க பேரையெல்லாம் வரிசையா வெட்டியிருக்காங்க. எங்களுக்குக் கிட்ட இருக்கிற உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலைத் தேர்தலுக்காக அதை எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அதுல பிடிச்சது வேற ஒரு விதி. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவனோட சொந்தக்காரங்களும் நிற்கக் கூடாது. அடுத்தவன் பொருளை அபகரிச்சவனுக்கும் இடம் இல்லை. மத்தவங்க சொத்துல கை வைக்கிற வேலைக்கு வர்றவன் பேரும் கணக்கும் வெளியில தெரியணும்னு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே நினைச்சிருக்காங்க.

வெள்ளைக்காரன் காலத்துலயும் இதுக்குச் சட்டம் வந்தது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் முகவரைப் பத்தித் தெளிவா சொல்லுது. முகவர் தன்னை அமர்த்தினவருக்கு, அவர் கேட்கும்போது சரியான கணக்குக் காட்டணும். அவருக்குத் தெரியாம அந்த வியாபாரத்துல தானே ஒரு ஆளா நுழைஞ்சு லாபம் பார்த்தா, அந்த லாபத்தைக் கேட்டு வாங்குற உரிமை அமர்த்தினவருக்கு உண்டு. அப்புறம் 1908-ல பதிவுச் சட்டம். சார் பதிவாளர் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கிறவர், சாட்சிகள்னு எல்லார் பேரும் ஏறுது. பத்திரம் எழுதுறவருக்கும் 1982-ல விதி போட்டு உரிமம் கொண்டுவந்தாங்க. அவர் பேரும் உரிம எண்ணும் பத்திரத்துல இருக்கும்.

உங்க வீட்டுப் பத்திரத்தை இப்ப எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்க. எல்லார் கையெழுத்தும் இருக்கும். இடத்தைக் காட்டி, விலை பேசி, ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கின ஆள் பேர் மட்டும் இருக்காது. பின்னால வில்லங்கம் வந்து கோர்ட்டுக்குப் போனா, அவரை எதைக் காட்டி இழுப்பீங்க?

பேர் இல்லாத இந்த ஆளுக்கு எங்க கிராமத்துல இடம் கிடைச்சதுக்கு ரெண்டு காரணம் சொல்லுவேன். முதல் காரணம் கர்ணம் போனது. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழிச்சது. அது நல்ல காரியம்தான். கர்ணம் கையில ஏழை ஜனம் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஆனா ஊர் நிலம் பூராவும் அந்த மனுஷன் தலைக்குள்ள இருந்தது. அதுக்குப் பதிலா வந்த வி.ஏ.ஓ. மாற்றலாகிப் போயிடுவார். 1979 முதல் 1987 வரைக்கும் யு.டி.ஆர்.னு பட்டாக்களைப் புதுப்பிச்சாங்க. அதுல பேர் மாறினது, அளவு குறைஞ்சது, அண்ணன் பங்கு தம்பி பேர்ல ஏறினதுன்னு வந்த பிழைகளுக்கு இன்னிக்கும் தாலுக்கா ஆபீஸ்ல மனு கொடுத்துக்கிட்டே இருக்காங்க. இந்தக் குழப்பம் தெரிஞ்ச ஆளுக்கு மதிப்பு வந்தது. "பட்டா பேர் மாத்தித் தரேன், இடத்தையும் வித்துத் தரேன்"னு வந்தவங்கதான் இந்தப் பக்கத்தோட முதல் நிலத் தரகர்கள்.

ரெண்டாவது காரணம் விலை. 1990-கள் கடைசியில மறைமலை நகர்ல ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய்னு வந்தது. அதுவரைக்கும் ஏக்கர் கணக்குல பேசின நிலத்தைச் சென்ட் கணக்குலயும் சதுர அடிக் கணக்குலயும் பேச ஆரம்பிச்சாங்க. கழனியில கலர்க் கொடி நட்டு, வேன்ல ஆளைக் கூட்டிவந்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து மனை வித்தாங்க. 'பஞ்சாயத்து அப்ரூவல்'னு போர்டு வெச்சாங்க. மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்புத் துறை அனுமதி வேணும்னு வாங்க வந்த பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்ச தரகர் சொல்லலை.

விவசாயிக்கு நடந்தது என்னன்னா அக்ரிமெண்ட். தரகர் கொஞ்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, இருபது ரூபாய் பத்திரத்தாள்ல ஆறு மாசத்துக்கு எழுதி வாங்கிக்குவார். இல்லேன்னா பவர் எழுதி வாங்குவார். அதுக்குள்ள வேற ஆளைப் பிடிச்சு அதிக விலைக்குத் தள்ளிவிடுவார். எங்க பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் சென்ட் 40 ஆயிரம்னு பேசிக் கொடுத்தார். கிரயம் ஆகி ரெண்டு மாசம் கழிச்சு, வேலி போட வந்த புது ஓனர்கிட்ட டீ குடிச்சுக்கிட்டே பேசும்போதுதான் அவர் 55 ஆயிரம் கொடுத்தது தெரிஞ்சது. ரெண்டு பேரும் கமிஷன் வேற தனியாக் கொடுத்திருக்காங்க. 1872 சட்டப்படி அந்த 15 ஆயிரத்தைக் கேட்க வழி இருக்கு. எதை வெச்சுக் கேட்கிறது? பத்திரத்துல வழிகாட்டி மதிப்புதான் இருக்கு. மீதி எல்லாம் ரொக்கம். வரி மிச்சம்னு நினைச்சு ரெண்டு பக்கமும் உண்மை விலையை மறைக்கும்போது, அந்த மறைவுலதான் தரகர் நிற்கிறார்.

சட்டம் சும்மா இருக்கலை. பவர் பத்திரத்தை வெச்சு விற்கிறதால உரிமை மாறாதுன்னு 2011-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கிரய அக்ரிமெண்ட்டையும் பதிவு பண்ணணும்னு 2012-ல தமிழ்நாட்டுல திருத்தம் வந்தது. 2016 செப்டம்பர்ல உயர் நீதிமன்றம் அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யவே தடை போட்டது. அப்ப பெண்ணு கல்யாணத்துக்கு மனையை விற்க முடியாம தவிச்சவங்க நிறைய. 2017 மே மாசம் வரன்முறைத் திட்டம் வந்து, கட்டணம் கட்டினவங்களுக்கு வழி பிறந்தது. கட்டணத்தைக் கட்டினது மனை வாங்கினவங்க. அன்னிக்குக் கமிஷன் வாங்கினவர் ஒரு ரூபாயும் கட்டலை.

ரெரான்னு சொல்ற 2016 சட்டம்தான் தமிழ்நாட்டுல முதல்முறையா நிலத் தரகருக்குப் பதிவு எண் கேட்டது. பதிவு இல்லாம அந்தச் சட்டத்துல வர்ற மனையையோ அடுக்குமாடி வீட்டையோ விற்றுக் கொடுக்கக் கூடாது. கணக்குப் புத்தகம் வெச்சிருக்கணும். ஒவ்வொரு விற்பனையிலயும் தன் எண்ணைக் குறிப்பிடணும். மீறினா ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் அபராதம். பத்திரம் எழுதுறவருக்கு 1982-ல வந்த கட்டுப்பாடு தரகருக்கு வர 34 வருஷம் ஆகியிருக்கு. அதுவும் அரைகுறை. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் மனைப்பிரிவு போட்டாத்தான் இந்தச் சட்டம். என்னோட கழனியைக் கழனியாவே விற்றுக் கொடுக்கிறவருக்கு எந்தப் பதிவும் வேண்டாம். டீக்கடையில உட்கார்ந்து போன்லயே முடிச்சுடலாம்.

எல்லாத் தரகரும் மோசம்னு நான் சொல்ல மாட்டேன். வெளியூர்ல வேலை பார்க்கிற அண்ணன் தம்பிங்க நாலு பேரை ஒரே நாள்ல பதிவு ஆபீசுக்குக் கூட்டிவர்றது லேசுப்பட்ட வேலை இல்லை. "இந்த இடத்துல ஏரிக்கு வரத்துக்கால் போகுது, வாங்காதீங்க"ன்னு சொல்லித் தன் கமிஷனையே விட்ட ஆளையும் நான் பார்த்திருக்கேன். அவர் இதே ஊர்க்காரர். மழைக்காலத்துல தண்ணி எங்கே நிற்கும்னு அவருக்குத் தெரியும், அந்தத் தண்ணியில அவரும் நடக்கணும்.

அதனால நிலம் வாங்க வர்ற உங்ககிட்ட நான் கேட்டுக்கிறது இதுதான். மனைன்னா தரகரோட ரெரா எண்ணைக் கேளுங்க. கழனின்னா அவரைச் சாட்சியாவாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்க. சாட்சி போட்டதால வில்லங்கத்துக்கு அவர் பொறுப்பாகிட மாட்டார், ஆனா அவர் பேரும் முகவரியும் பத்திரத்துல நிற்கும். கமிஷனை பேங்க் வழியா அனுப்புங்க. முக்கியமா, விலை முடிவாகுற அன்னிக்கு விற்கிற விவசாயியை நேர்ல உட்கார வெச்சுப் பேசுங்க. "அது வழக்கம் இல்லீங்க, அவங்க சங்கடப்படுவாங்க"ன்னு தரகர் சொல்லுவார். நாங்க சங்கடப்பட மாட்டோம். வாசல்ல பாய் போட்டு, மோர் கொடுத்துப் பேசுவோம்.