லூப், மாத்திரை, மிஸ்ஸி

தேக்கா பக்கத்தில் இருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டு மட்டும் 39,835 பிரசவங்கள். கணக்குப் போட்டால் நாளுக்கு 109. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை அது. அதே ஆண்டு ஜனவரியில்தான் சிங்கப்பூரின் குடும்பக் கட்டுப்பாட்டு, மக்கள்தொகை வாரியம் வேலையைத் தொடங்கியது.

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1972இன் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ பிரசாரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒரே குடைக்குள் நிற்கும் இரண்டு சிறுமிகளின் சுவரொட்டி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா சுவரொட்டி யாருக்கும் மாத்திரை கொடுக்காது. அதைக் கொடுத்தது, விளக்கியது, நாம் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் தாதி.

வாரியத்துக்கு முன்பே 1949இல் கான்ஸ்டன்ஸ் கோ குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். போருக்குப் பிறகு பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மையங்களில் வேலை செய்தவர் அவர். அன்றைய முறைகளில் ஒன்று டயாஃப்ரம், அதாவது கருப்பை வாயை மூடும் ரப்பர் மூடி. ஒவ்வொரு பெண்ணுக்கும் அளவு பார்க்கணும். கழுவிக் காயவைத்து எடுத்து வைக்கணும். பல குடும்பங்கள் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

அதனால் 1966இல் வாரியம் லூப்பை முன்னிறுத்தியது. மலிவான பிளாஸ்டிக் வளையம். ஒருமுறை வைத்தால் போதும். ஆனால் முதல் சில மாதங்கள் மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகலாம், வயிறு இழுத்துப் பிடிக்கலாம், சில சமயம் லூப் தானாகவே வெளியே வந்துவிடலாம். நூல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தரணும். இதை முன்கூட்டியே கேட்ட பெண் பயப்படாமல் கிளினிக்குக்குத் திரும்பி வருவாள். கேட்காதவள் அதை நோய் என்று நினைப்பாள், பக்கத்து வீட்டிலும் சொல்வாள். லூப்புக்குக் கெட்ட பேர் பரவியது; வாரியம் மாத்திரைக்கு மாறியது. மாத்திரைக்கும் கேள்விகள் உண்டு: ரத்த அழுத்தம் எவ்வளவு? ஒற்றைத் தலைவலி உண்டா? பால் கொடுக்கிறீங்களா? ஒருநாள் மறந்தால் என்ன செய்வீங்க?

அடுத்து வந்தது நிரந்தரக் கருத்தடை. அதற்கான சட்டம் 1970இல் நடைமுறைக்கு வந்தது. பிரசவமான சில நாட்களுக்குள் கருப்பை மேலே இருப்பதால், சின்னக் கீறலிலேயே குழாயைக் கட்டிவிடலாம். மருத்துவத்துக்கு வசதியான நேரம். ஆனால் தாய் அசந்து கிடக்கும் நேரமும் அதுதான். 1973லிருந்து பிள்ளை கூடக்கூட பிரசவக் கட்டணமும் ஏறியது. கருத்தடை செய்துகொண்டால் தள்ளுபடி. பள்ளிச் சேர்க்கையிலும் முன்னுரிமை. “யோசிச்சு முடிவு பண்ணுங்க” என்று மிஸ்ஸி எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், பக்கத்தில் பில்லும் இருந்தது.

1984இல் இன்னும் ஒரு படி. 30 வயதுக்குள், படிப்பும் வருமானமும் குறைந்த தாய்மார் ஒன்றிரண்டு பிள்ளையோடு கருத்தடை செய்தால் 10,000 வெள்ளி. அதே ஆண்டு, பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சலுகை. யார் பெறலாம், யார் பெறக்கூடாது என்ற கணக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

1965இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.66 பிள்ளைகள், 1975இல் 2.07. படிப்பு, வேலை, அடுக்குமாடி வீடு எல்லாம் சேர்ந்து செய்த மாற்றம் இது. 1986இல் வாரியம் மூடப்பட்டது. 1987இல் புதுக் கொள்கை: வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல். மூன்று பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ளவர்கள் கருக்கலைப்புக்கு வந்தால் ஆலோசனை கட்டாயமானது. நிறுத்தச் சொல்லிப் பேசிய இடத்தில் இப்போது பெறச் சொல்லும் பேச்சு.

ஆலோசனை என்பது தெரிந்ததை முழுசாகச் சொல்லி, முடிவை அவளிடமே விடுவது. எத்தனை பேர் எந்த முறையை ஏற்றார்கள் என்று புள்ளிவிவரம் சொல்லும். எதைக் கேட்டு ஏற்றார்கள் என்று சொல்லாது. அது தெரிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்: “அன்னைக்கு மிஸ்ஸி உங்ககிட்ட என்ன சொன்னாங்க?”